நிறுவனர் இறந்தபோது பழைய மாணவர்கள் எதற்காக அழுதார்கள்?

உங்கள் சித்தப்பா மகன் அமெரிக்காவின் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் படிக்கிறார். அதை ஆரம்பித்த ஜெரி ஃபால்வெல் 2007இல் இறந்தபோது பழைய மாணவர்கள் திரண்டு வந்து அழுததாக எங்கோ படித்திருக்கிறீர்கள். அது மனசார வந்த அழுகையா, ஊருக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: அவ்வளவு சர்ச்சைக்குப் பேர்போன ஒருவருக்காக அங்கே படித்தவர்கள் அழுதால், அவர் பேசியதையெல்லாம் ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமா? நான் ஒரு இறையியல் கல்லூரியில் சபை வரலாறு நடத்துகிறேன். அமெரிக்க இவாஞ்சலிக்கல் சபைகளும் (வேதாகமத்தையும் மனந்திரும்புதலையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டன்ட் சபைகள்) அவை கட்டிய கல்லூரிகளும் நான் பல வருடமாகப் படித்துவரும் பகுதி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுகை உண்மைதான், ஆனால் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழைய மாணவர்கள் உள்ளுக்குள் என்ன நினைத்தார்கள் என்பது அடக்க ஆராதனையில் வெளிவரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, வாரிசு சறுக்கியபோதுதான் வெளிவந்தது.

நிறுவனர் என்றதும் நமக்கு நிலம் கொடுத்த ஜமீன்தாரோ, பணம் போட்ட தொழிலதிபரோதான் நினைவுக்கு வருவார். இந்த மாதிரிப் பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. நிறுவனர்தான் போதகர், அவரேதான் டிவி பிரசங்கியார், அவரேதான் நிர்வாகத் தலைவர். ஃபால்வெல் 1956இல் வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் ஊரில், காலியாகக் கிடந்த ஒரு குளிர்பானத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் 35 பேரோடு தாமஸ் ரோடு பாப்டிஸ்ட் சபையை ஆரம்பித்தார். 1971இல் எல்மர் டவுன்ஸ் என்பவரோடு சேர்ந்து கல்லூரி தொடங்கியபோது அதற்கென்று சொந்தக் கட்டிடம் இல்லை. முதல் வருடம் 154 மாணவர்கள். சபையின் ஞாயிறு பள்ளி அறைகளில் வகுப்பு நடந்தது. பிற்பாடு மாணவர்களை ஊருக்குள் இருந்த ஒரு பழைய ஓட்டலில் தங்கவைத்தார்கள். 1977 ஜனவரியில், ஊரை ஒட்டிய மலையில் வளாகம் கட்ட வேண்டும் என்று ஃபால்வெல் மாணவர்களை எல்லாம் அந்த மலைக்கே கூட்டிப்போய்ப் பனியில் நிறுத்தி ஜெபித்தார். கொட்டும் பனியில் அன்று நின்ற இருபது வயதுப் பிள்ளைகளுக்கு 2007இல் ஐம்பது வயது. தாங்கள் நின்று கேட்டதைத் தேவன் கொடுத்தார் என்று நம்புகிறவர்கள் அவர்கள். அந்த மலையில் எழும்பிய ஒவ்வொரு கட்டிடத்திலும் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் அழுததில் நடிப்பைத் தேடுவது வீண்.

அடுத்து வந்த தலைமுறையின் நினைவுகள் இன்னும் சாதாரணமானவை. ஃபால்வெல் தன் பெரிய கறுப்பு வண்டியை வளாகத்துக்குள் ஓட்டிவந்து, நடந்துபோகும் மாணவர்கள் மேல் ஏற்றிவிடுவது மாதிரி நெருங்கி ஹாரனை அலறவிட்டுச் சிரிப்பார். அங்கே படித்த பலரும் இதை ஏதோ பட்டம் வாங்கின மாதிரி பெருமையாகச் சொல்வார்கள். அமெரிக்க ஃபுட்பால் போட்டிகளில் முன்னால் உட்கார்ந்து கத்துவார். கத்தோலிக்கருக்கு நோட்டர் டேம் பல்கலைக்கழகம் எப்படியோ, இவாஞ்சலிக்கல் பிள்ளைகளுக்கு லிபர்ட்டி அப்படி ஆகவேண்டும் என்பது அவர் கனவு. டிவியில் தெரிந்த அரசியல் முகம் ஒன்று, இந்தக் குறும்புக்காரப் போதகர் இன்னொன்று. இரண்டும் ஒரே ஆள்தான். ஆனால் மாணவன் தினம் பார்த்தது இரண்டாவது முகத்தை. சாவு வீட்டில் மனதுக்கு வருவதும் அதுதான்.

2007 மே 15, செவ்வாய்க்கிழமை. வளாகத்தில் இருந்த தன் அலுவலக அறையிலேயே ஃபால்வெல் மயங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. வயது 73. கவனிக்க வேண்டியது நாள். நான்கு நாளில், அதாவது சனிக்கிழமை மே 19 அன்று, பட்டமளிப்பு விழா வைத்திருந்தார்கள். முன்னாள் சபாநாயகர் நியூட் கிங்ரிச் சிறப்புரைக்கு வருவதாக ஏற்பாடு. விழாவைத் தள்ளிப்போடவில்லை. பட்டம் வாங்கப் பிள்ளைகளின் பெற்றோர் அங்கங்கே இருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களில் பழைய மாணவர்களும் உண்டு, ஏனென்றால் 70களில் படித்தவர்களின் பிள்ளைகளே அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். உடலை முதலில் வளாகத்தின் நடுவில் இருக்கும் டிமாஸ் கட்டிடத்தின் முன்மண்டபத்தில் வைத்தார்கள், பிறகு சபைக்குக் கொண்டுபோனார்கள். கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டி போட்டோ எடுக்க வந்த குடும்பங்கள் அதே வாரத்தில் அஞ்சலி வரிசையிலும் நின்றன. மே 22 அடக்க ஆராதனை. சபை மண்டபத்தில் சுமார் ஆறாயிரம் பேர்தான் கொள்ளும். மிச்சக் கூட்டத்தை வளாகத்து அரங்குகளில் உட்காரவைத்துத் திரையில் காட்டினார்கள். பில்லி கிரஹாமின் மகன் ஃபிராங்க்ளின் கிரஹாம் பேசினார். பிறகு வளாகத்திலேயே, அவர் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். பழைய மாணவர் கூடுகைக்கு வருகிறவர்கள் இன்றும் அந்தக் கல்லறைக்குப் போய் நின்றுவிட்டு வருகிறார்கள்.

அந்த வாரத்துச் சாட்சிகளில் திரும்பத் திரும்ப வந்த வேதப் பகுதிகளை எந்தச் சபைக்காரரும் ஊகித்துவிடலாம். மோசேக்குப் பின் யோசுவா, எலியாவின் சால்வை எலிசாவின்மேல் விழுந்தது, நல்ல போராட்டத்தைப் போராடினேன். வழக்கமான வார்த்தைகள் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. சால்வை என்று சொன்ன உடனே வாரிசு என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. லிபர்ட்டியில் அதற்குப் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. மூத்த மகன் ஜெரி ஃபால்வெல் ஜூனியர், வக்கீல், பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டார். இளைய மகன் ஜோனதன் சபையின் பிரசங்க பீடத்தை எடுத்துக்கொண்டார். இருவருமே லிபர்ட்டியின் பழைய மாணவர்கள். மேடையில் இருந்த குடும்பமும் பழைய மாணவர் கூட்டம்தான், எதிரே நாற்காலியில் இருந்தவர்களும் அதே கூட்டம்தான். இப்படி இருக்கும்போது யார் யாரைக் கேள்வி கேட்பது?

வெளியிலிருந்து வந்த வசை இன்னொரு வேலை செய்தது. ஃபால்வெல் 1979இல் மாரல் மெஜாரிட்டி என்ற அமைப்பை உருவாக்கி, பாப்டிஸ்ட் சபைகளைக் குடியரசுக் கட்சியின் பக்கம் கொண்டுபோனவர். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த இரண்டாம் நாளே டிவியில் அதற்கு ஓரினச்சேர்க்கையாளர்களையும் கருக்கலைப்பை ஆதரிப்பவர்களையும் குற்றம் சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டவர். ஆகவே அவர் இறந்த அன்றே நாத்திக எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் போன்றவர்கள் டிவியில் உட்கார்ந்து இரக்கமில்லாமல் பேசினார்கள். செப்டம்பர் பேச்சைக் கேட்டுத் தலைகுனிந்த லிபர்ட்டி மாணவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் பிணம் வீட்டில் இருக்கும்போது தெருவில் நின்று யாராவது திட்டினால், அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாத மகன்கூட வாசலுக்கு வந்துவிடுவான். அப்படித்தான் அந்த வாரம் உள்ளே இருந்த விமர்சகர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். சூடு எந்த அளவுக்குப் போனது என்றால், அடக்கத்தன்று ஆர்ப்பாட்டம் செய்ய வருவதாகச் சொன்ன வேறொரு சபையைத் தடுக்கப்போவதாகச் சொல்லிக் காரில் நாட்டு வெடிகுண்டு வைத்திருந்த ஒரு மாணவரைப் போலீஸ் கைது செய்தது. ஒற்றை ஆளின் கிறுக்குத்தனம்தான், அதை வைத்து மாணவர் சமூகத்தையே எடைபோடக் கூடாது. ஆனால் அந்த நாட்களின் மனநிலையைப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடவும் முடியாது.

இங்கே ஒரு எல்லையைச் சொல்லியாக வேண்டும். துக்கத்தில் பேசியவர்களின் பேச்சு பத்திரிகைகளில் இருக்கிறது, பல்கலைக்கழக வெளியீடுகளில் இருக்கிறது. வராதவர்களுக்கு எந்தப் பதிவும் கிடையாது. 1958இல் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பிரித்தே வைக்க வேண்டும் என்று பிரசங்கித்தவர், 1967இல் லிஞ்ச்பர்க்கில் வெள்ளைப் பிள்ளைகளுக்கான தனியார் பள்ளி தொடங்கியவர் ஃபால்வெல். பின்னாளில் அந்த நிலையை விட்டு விலகினார், லிபர்ட்டியில் கறுப்பின மாணவர்களும் படித்தார்கள். அந்த வரிசையில் நின்ற ஒரு கறுப்பினப் போதகர் என்ன நினைத்துக்கொண்டு நின்றார், தன்னை வெளிப்படுத்த முடியாமல் நான்கு வருடம் படித்துவிட்டு வெளியேறிய ஓரினச்சேர்க்கையாளர் அன்று வீட்டில் என்ன செய்தார் என்பதற்கு அந்த வாரத்துச் செய்திகளில் தடயம் கிடைக்காது. ஆகவே பழைய மாணவர்கள் அழுதார்கள் என்பதைக் கொஞ்சம் திருத்தி, வந்தவர்கள் அழுதார்கள் என்று படியுங்கள்.

அப்புறம் பணம். இதை யாரும் இரங்கல் கூட்டத்தில் பேச மாட்டார்கள், ஆனால் இது இல்லாமல் மிச்சக் கதை புரியாது. 90களின் ஆரம்பத்தில் லிபர்ட்டியின் கடன் பத்துக் கோடி டாலரைத் தாண்டி, மூடும் நிலைக்கு வந்தது. அதற்காக ஃபால்வெல் 1996இல் 40 நாள் உபவாசம் இருந்ததைப் பழைய மாணவர்கள் சாட்சியாகச் சொல்வார்கள். கடனை முடித்துவைத்தது அவர் சாவுதான். அவர் பேரில் எடுத்திருந்த ஆயுள் காப்பீட்டில் சுமார் 3.4 கோடி டாலர் வந்தது. 2.9 கோடி பல்கலைக்கழகத்துக்கு, மிச்சம் சபைக்கு. ஜூனியர் கடன் இல்லாத நிறுவனத்தோடு ஆரம்பித்தார். ஆன்லைன் படிப்பைப் பெருக்கினார். மாணவர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது, கையிருப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது. 2018இல் ஃபுட்பால் அணி கல்லூரி விளையாட்டின் முதல் தரப் பிரிவுக்குப் போனது. அப்பாவின் கனவு நிறைவேறுகிறது என்று பழைய மாணவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அந்த வருடங்களில் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை என்றால் ஆச்சரியமில்லை.

முதல் விரிசல் 2016இல். ஜூனியர் ஜனவரியில் டொனால்ட் டிரம்ப்பை ஆதரித்தார். அதை வெளிப்படையாகக் குறை சொன்னவர் மார்க் டிமாஸ். யார் இவர் என்று பாருங்கள். லிபர்ட்டியின் பழைய மாணவர், மூத்த ஃபால்வெல்லிடம் தலைமை உதவியாளராக இருந்தவர், நிர்வாகக் குழுவின் முக்கியப் பொறுப்பில் இருந்தவர். ஃபால்வெல்லின் உடல் வைக்கப்பட்டிருந்த அந்தக் கட்டிடத்துக்கு அவர் அப்பாவின் பெயர். கிறிஸ்துவைப்போல் நடக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்திலிருந்து, அதற்கு நேர்மாறாக நடப்பவருக்கு எப்படி ஆதரவு போகலாம் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். கொஞ்ச நாளில் அவர் பொறுப்பையும் விட்டார், குழுவையும் விட்டு விலகினார். 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் இனவெறிக் கலவரத்தைப் பற்றி டிரம்ப் பேசியதை ஜூனியர் புகழ்ந்தபோது, சில பழைய மாணவர்கள் தங்கள் பட்டச் சான்றிதழைத் திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார்கள். 2020 கோடையில், மாநில ஆளுநரைக் கிண்டல் செய்வதாக நினைத்து, அந்த ஆளுநரின் பழைய கல்லூரி ஆண்டு மலர்ப் பக்கத்தில் வந்த, முகத்தில் கறுப்பு பூசிய ஆளும் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் அங்கி போட்ட ஆளும் இருக்கும் படத்தை ஒரு முகக்கவசத்தில் போட்டு ஜூனியர் ட்வீட் செய்தார். முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பினப் பழைய மாணவர்கள், போதகர்களும் முன்னாள் விளையாட்டு வீரர்களுமாக, கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள். ட்வீட்டை நீக்கி மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்டில் ஒரு புகைப்படமும் சொந்த வாழ்க்கை விவகாரமும் வெளிவந்து பதவியையே விட்டார். அதே சமயத்தில் பழைய மாணவர்கள் ஒரு குழு அமைத்து, நிர்வாகக் குழுவையே சீர்திருத்த வேண்டும் என்று கேட்டார்கள். குழுவுக்கு வைத்த பெயர் சேவ்71. கல்லூரி பிறந்த 1971ஐக் காப்பாற்று என்று.

2007இல் சொல்லாமல் விட்டதை இவர்கள் இப்போது சொன்னார்கள் என்பது என் வாசிப்பு. ஆனால் எதை வைத்துச் சொன்னார்கள் என்று கவனியுங்கள். நிறுவனரை வைத்தே. மூத்தவர் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்பது அவர்கள் கேள்வி. எதிர்ப்பக்கமும் அதே ஆளைத்தான் இழுத்தது: மூத்தவர் குடியரசுக் கட்சியின் ரீகனுக்காக ஊர் ஊராகப் போகவில்லையா, மகன் செய்ததும் அதுதானே? என்னைக் கேட்டால் வரலாற்றுச் சான்று இரண்டாவது பக்கத்துக்கே கொஞ்சம் சாய்கிறது. பல்கலைக்கழகத்தையும் கட்சி அரசியலையும் முதலில் கலந்தவர் அப்பாதான். 1971இல் கறையில்லாத ஒரு காலம் இருந்தது என்பது பழைய மாணவர்களின் ஏக்கம், நடந்தது அவ்வளவு சுத்தமில்லை. ஆனால் சபை ஒழுக்கம், பணத்தில் எளிமை, மாணவர்களோடு நெருக்கம் என்ற கணக்கில் பார்த்தால் அப்பாவுக்கும் மகனுக்கும் இருந்த தூரம் நிஜம், அதில் சேவ்71காரர்கள் சொன்னது சரி. மகன் தன்னைப் போதகர் என்று சொல்லிக்கொண்டதே இல்லை, அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இந்த வித்தியாசத்தை 2007இல் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

ஒரே உதாரணத்தை வைத்து விதி சொல்லக் கூடாது என்பதால் ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் இருக்கும் ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகத்தையும் பார்க்கலாம். அங்கே வரிசை தலைகீழ். முதலில் சண்டை, பிறகு சாவு. சுகமளிக்கும் கூட்டங்களால் பேர்பெற்ற ஓரல் ராபர்ட்ஸ் 1963இல் அதை நிறுவினார், 1965இல் வகுப்புகள் தொடங்கின. மகன் ரிச்சர்ட் 1993இல் தலைவரானார். 2007 அக்டோபரில் மூன்று பேராசிரியர்கள், நிறுவனப் பணத்தை அவர் குடும்பம் சொந்தச் செலவுக்கு எடுப்பதாக வழக்குப் போட்டார்கள். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஆனால் பேராசிரியர்கள் நம்பிக்கை இல்லை என்று வாக்களிக்க, நவம்பரில் பதவி விலகினார். தள்ளாத வயதில் ஓரல் கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பிவந்து கொஞ்ச காலம் தாங்கிப்பிடித்தார். அவருக்குத் துணை நின்றவர் அங்கேயே படித்து, டல்சாவில் பெரிய சபை நடத்திய பில்லி ஜோ டாஹர்ட்டி. பிறகு ஹாபி லாபி கடைகளின் குடும்பத்தைச் சேர்ந்த மார்ட் கிரீன் ஏழு கோடி டாலர் கொடுத்தார், நிர்வாகக் குழு முழுக்க மாறியது, 2009இல் குடும்பத்துக்கு வெளியே இருந்து முதல் தலைவராக மார்க் ரட்லண்ட் வந்தார். அதே வருடம் நவம்பரில் டாஹர்ட்டி புற்றுநோயில் இறந்தார். மூன்று வாரம் கழித்து டிசம்பர் 15 அன்று ஓரல் ராபர்ட்ஸ் 91 வயதில் இறந்தார்.

வளாகத்து மேபி அரங்கத்தில் நினைவு ஆராதனை நடந்தபோது அங்கே வாரிசுச் சண்டைக்கே இடமில்லை. அது இரண்டு வருடம் முன்பே முடிந்துபோனது. ஆகவே பழைய மாணவர்களால் நிறுவனரைத் தனியாகவும் நிர்வாகத்தைத் தனியாகவும் பார்க்க முடிந்தது. அந்த மாணவர்கள் எத்தனை விதம் என்பதற்கு இரண்டு பேர் போதும். 1967இல் மாணவராகச் சேர்ந்து ராபர்ட்ஸின் விமானத்தில் துணை விமானியாக வேலை பார்த்த கென்னத் கோப்லண்ட், விசுவாசித்தால் பணமும் சுகமும் வரும் என்கிற செழிப்பு உபதேசத்தின் பெரிய முகம். அங்கே பாடகர் குழுவில் இருந்து ராபர்ட்ஸ் மகனைப்போல வளர்த்த கார்ல்டன் பியர்சன், பின்னாளில் நரகம் என்று ஒன்று இல்லை என்று பிரசங்கித்துத் தன் சபையையே இழந்தவர். இருவரையும் உருவாக்கியவர் ஒரே ஆள். இன்னொரு கூட்டமும் உண்டு: ராபர்ட்ஸ் பிரம்மாண்டமாகக் கட்டி 1989இல் மூடிய மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர்கள், 1986இல் மூடிய சட்டக் கல்லூரியில் படித்த வக்கீல்கள். 1987இல், எண்பது லட்சம் டாலர் சேரவில்லை என்றால் தேவன் என்னை எடுத்துக்கொள்வார் என்று அவர் டிவியில் சொன்னது அந்த மருத்துவப் படிப்புக்காகத்தான். கேலிக்கு ஆளானது அவர் மட்டுமல்ல, அந்தச் சான்றிதழோடு வேலை தேடிப்போன பிள்ளைகளும்தான். அவர்களுடைய துக்கத்தில் கொஞ்சம் கசப்பு கலந்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

உங்கள் தம்பிக்கு நிறுவனர் யாரென்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் தப்பொன்றும் இல்லை. இன்று லிபர்ட்டி பட்டம் வைத்திருப்பவர்களில் பெரும்பகுதி 2007க்குப் பிறகு, அதுவும் வீட்டிலிருந்தே படித்தவர்கள். அவர்களுக்கு அந்த மலையும் கிடையாது, கறுப்பு வண்டியும் கிடையாது. பழைய மாணவர் அஞ்சலி எதையாவது படிக்க நேர்ந்தால், எழுதியவர் எந்த வருடத்து பேட்ச் என்று முதலில் பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே புரிந்துவிடும். 70களின் ஆள் என்றால் தன் வாலிபத்தை எழுதுவார். 90களின் ஆள் என்றால் கடனையும் உபவாசத்தையும் எழுதுவார். 2015க்குப் பிந்தைய ஆள் என்றால் மகனைப் பற்றித்தான் எழுதுவார், அப்பா அதில் ஒரு அளவுகோலாக மட்டும் வருவார்.

அண்மையில் இதே மாதிரி நடந்தது ரீஜென்ட் பல்கலைக்கழகத்தில். 1977இல் அதை நிறுவிய டிவி பிரசங்கியார் பாட் ராபர்ட்சன் 2023 ஜூன் 8 அன்று 93 வயதில், பதவியில் இருந்தபடியே இறந்தார். ஓரல் ராபர்ட்ஸின் சட்டக் கல்லூரியை மூடியபோது அதன் நூலகத்தைப் பெற்றுக்கொண்ட இடம் அதுதான். ராபர்ட்சனுக்கும் இரங்கல் குவிந்தது, மகன் கார்டன் பொறுப்புக்கு வந்தார். அங்கே படித்தவர்கள் ராபர்ட்சனைப் பற்றி உண்மையில் என்ன நினைத்தார்கள் என்று இப்போது என்னிடம் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். இன்னும் பத்து வருடம் போகட்டும்.